குதிரை என்னும் சொல்

கல்முனையைச் சார்ந்த கரைவாகுப்பற்றிலே வயலுழுதவை எருமையும் மாடும். எனினும் குதிரை அப்பகுதி மக்களின் நாவை விட்டு நீங்கவில்லை. கிடைத்தற்கரிய பொருளைக் குதிரைக்கொம்பு என்கின்றனர். பரீட்சையில் ஒருவருக்காக வேறொருவர் அமர்ந்து எழுதும் மோசடிக்குக் 'குதிரை ஓடுதல்' என்று பெயர். இஃது ஈழத்து வழக்கு. ஆசிரியருலகம் நன்கறிந்த, விரும்பாத வழக்கு.

குதிரை தமிழர்க்குக் கடல்வழியே வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் கடந்து குதிரைகள் வந்தமையைப் பட்டினப்பாலை கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோவோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்தன என்றும், பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பெரும்பாலானவை மடிந்தன என்றும் எழுதினார். மடிய மடிய மன்னர் வாங்கினர், வணிகர் செழித்தனர்.

இத்தகைய அரும்பொருளை ஊர்ந்தவனுக்கும் மதிப்பு மிகுந்தது. குதிரைவீரனைக் குறித்த 'இராவுத்தன்' என்னும் சொல், தமிழக முஸ்லிம்களுள் ஒரு சாராருக்கு இராவுத்தர் என்னும் பெயராய் நிலைத்தது. 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் அதே சொல்லால் முருகப்பெருமானை விளித்தார். முருகனுக்கு ஊர்தி மயில் என்பதை நேயர்கள் அறிவர். குதிரையில் வந்த சொல்லுக்கு மயிலேறுவதிலும் தயக்கமில்லை. அதைக் கையாண்ட புலவருக்கும் தயக்கமில்லை.