கடன் தள்ளுபடியும் வருவாய் வரம்பும்: சிந்தாதிரிப்பேட்டைத் தறி முன்பணம் முதல் கல்விக் கடன் வரை

ஆய்வுச் சுருக்கம்

கல்விக் கடன் தள்ளுபடியின் பயன் எந்த வருவாய்ப் பிரிவினரைச் சென்றடையும் என்னும் வினாவை, தமிழகக் கடன் நிவாரண நடவடிக்கைகளின் வரலாற்றுப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. ஏழைக் குடும்பங்கள் கல்விக்காகப் படும் கடனில் ஒரு பகுதி ‘கல்விக் கடன்’ என்னும் பெயரில் பதிவாவதில்லை என்பதும், பெயரை அளவுகோலாகக் கொண்ட தள்ளுபடி அதனை எட்டாது என்பதும் இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: சிந்தாதிரிப்பேட்டை, முன்பணம், கடன் நிவாரணச் சட்டம், கல்விக் கடன், வருவாய் வரம்பு, நகைக்கடன்.

முன்னுரை

இன்று மீன் சந்தையால் அறியப்படும் சிந்தாதிரிப்பேட்டை, நெசவாளர் குடியிருப்பாகத் தோன்றிய ஊராகும். 1734ஆம் ஆண்டில், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவத்தின் கரையிலிருந்த சுங்குராமச் செட்டியின் தோட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இதனை ஏற்படுத்தியது. ‘சின்னத் தறிப்பேட்டை’ என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர்.

கம்பெனியின் துணிக் கொள்முதல் முன்பணத்தை அடிப்படையாகக் கொண்டது. நூல் வாங்கவும் துணி முடியும்வரை குடும்பம் உண்ணவும் நெசவாளர் முன்பணம் பெற்றனர். தென்னிந்திய நெசவாளர் குறித்து 2001இல் நூல் வெளியிட்ட பிரசன்னன் பார்த்தசாரதி, தொடக்கத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை நெசவாளருக்கு இருந்தது என்றும், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனியின் அரசியல் அதிகாரம் அவ்வுரிமையைப் பறித்தது என்றும் காட்டுகிறார். வணிகருக்கும் உழைப்பவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலாக இருந்த முன்பணம், உழைப்பவரைக் கட்டிவைக்கும் கயிறாக மாறியது.

ஈடு வைக்க உடைமையின்றி, வருங்கால உழைப்பை மட்டும் நம்பிக் கடன் பெற்றவர் நெசவாளர். படித்து முடித்தபின் கிடைக்கும் ஊதியத்தை நம்பிக் கடன் பெறும் மாணவரும் இவ்வகையில் அவரை ஒத்தவரே. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுவது பொருந்தாது. எனினும், அத்தகைய கடன் அடைபடாதபோது அதனை யாருக்கு நீக்குவது என்னும் வினா சென்னை மாகாணத்திற்குப் புதியதன்று.

1938ஆம் ஆண்டுச் சட்டம்

இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இவ்வினாவுக்கு நேரடியாக விடை கூறியது. 1932 அக்டோபர் 1ஆம் நாளுக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி நிலுவை முழுவதும் நீக்கப்பட்டது. செலுத்திய தொகை அசலின் இருமடங்கை எட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. வட்டி அசலை விஞ்சலாகாது என்னும் பழைய தருமசாத்திர நெறியின் சாயல் இதில் உண்டு.

நமது ஆய்வுக்கு இதனினும் முதன்மையானது, ‘விவசாயி’ என்பதற்கு அச்சட்டம் தந்த வரையறை. நிலம் இருப்பதால் மட்டும் ஒருவர் விவசாயி ஆகிவிடவில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளில் வருமான வரி விதிக்கப்பட்டவர்கள் விலக்கப்பட்டனர். பெருந்தொகை பேஷ்குஷ் செலுத்திய ஜமீன்தார்களும் விலக்கப்பட்டனர். வேறு வழியில் போதிய வருவாய் உடையவர் தம் கடனைத் தாமே அடைக்கட்டும் என்பதே இதன் உட்கருத்து. சட்டத்தின் குறைகள் பல. ஆயினும், நிவாரணத்திற்கு முன் வருவாயைப் பார்த்தாக வேண்டும் என்பதில் அது உறுதியாக இருந்தது.

மாணவர் கடனின் இரு கட்டங்கள்

நடுவண் அரசு 1963இல் தொடங்கிய தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம், வசதியற்ற, தகுதியுடைய மாணவர்களுக்கு வட்டியில்லாக் கடன் வழங்கியது. கடன் பெற்றவர் ஆசிரியப் பணியில் சேர்ந்தால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு நீக்கப்பட்டது. இங்குத் தள்ளுபடிக்கு அளவுகோல் வருவாயன்று, பணி. ஆசிரியரின் குறைந்த ஊதியத்திற்கு இது மறைமுக ஈடாகவும் அமைந்தது. திரும்ப வந்த தொகை குறைவாக இருந்தமையால் திட்டம் நலிந்தது.

2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் கல்விக் கடனை வணிக வங்கிகளிடம் ஒப்படைத்தது. 4 இலட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டியதில்லை, 7.5 இலட்சத்திற்கு மேல் சொத்து ஈடு வேண்டும். ஆகவே பெருந்தொகைக் கடன் என்பது பெரும்பாலும் சொத்துள்ள குடும்பத்தின் கடனே. 2009ஆம் ஆண்டு வட்டி மானியத் திட்டம், பெற்றோரின் ஆண்டு வருவாய் 4.5 இலட்சத்திற்குள் இருந்தால் படிப்புக் காலத்திற்கும் அதன்பின் ஓராண்டு வரைக்குமான வட்டியை அரசே ஏற்கும் என்றது. இவ்வரம்பு பதினைந்து ஆண்டுகளாகியும் உயர்த்தப்படவில்லை. விலைவாசி உயர உயர, எண் மாறாமலே வரம்பு சுருங்கிவந்தது.

இதற்கு நேரெதிரானது வருமான வரிச் சட்டத்தின் கல்விக் கடன் வட்டிக் கழிவுப் பிரிவு. கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை வரிக்குரிய வருவாயிலிருந்து கழிக்க அது இடமளிக்கிறது. பழைய வரி முறையைத் தேர்ந்தவர்க்கு மட்டுமே இது உண்டு. வருமான வரி செலுத்தாதவருக்கு இதனால் ஒரு காசும் மிச்சமில்லை. உயர்ந்த விகிதத்தில் வரி செலுத்துபவருக்கே மிகுந்த பயன். 1938ஆம் ஆண்டுச் சட்டம் வருமான வரி செலுத்துவோரை விலக்கியது. இப்பிரிவோ அவர்களுக்கு மட்டுமே உதவுகிறது. இதனை யாரும் தள்ளுபடி என்று அழைப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வரம்பு கோடும் நீதிமன்றத் தீர்ப்பும்

2016இல் தமிழக அரசு சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடனை மட்டும் நீக்கியது. அனைவருக்கும் விரிவாக்க வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் ஆணையிட்டது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, வசதி குறைந்தவரைத் தனி வகையினராகக் கொள்வது சமத்துவத்திற்கு முரணன்று என்றது.

அவ்வழக்கில் இடம்பெற்ற எண்கள் சிந்திக்கத்தக்கவை. 16.94 இலட்சம் சிறு, குறு விவசாயிகளுக்கான தொகை 5,780 கோடி ரூபாய். எஞ்சிய சுமார் 3.02 இலட்சம் பேருக்கும் விரித்தால் கூடுதலாக 1,980 கோடி. வகுத்துப் பார்த்தால், முதற்பிரிவில் ஒருவருக்குச் சராசரியாக 34,000 ரூபாய். இரண்டாம் பிரிவில் 65,000 ரூபாய்க்கு மேல். எல்லோருக்கும் ஒன்றுபோல் எனத் தோன்றும் தள்ளுபடி, வசதியுள்ளவருக்கு ஏறத்தாழ இருமடங்கு தந்திருக்கும்.

கல்விக் கடனில் இவ்விடைவெளி மேலும் அகலும். அரசு உதவி பெறும் கல்லூரியில் பயிலக் கடன் வாங்கியவரின் தொகையையும், வீட்டை ஈடு வைத்துத் தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவரின் தொகையையும் முழுமையாக நீக்கினால் நேர்வதை விளக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியா 2025இல் மாணவர் கடன் அனைத்திலும் 20 விழுக்காட்டைக் குறைத்தபோதும், கூடுதல் கடன் உடையவருக்கே கூடுதல் தொகை சென்றது. அமெரிக்காவில் 2022இல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு நீதிமன்றத்தால் தடுக்கப்பட்ட திட்டம், தொகைக்கும் வருவாய்க்கும் உச்சவரம்பு வைத்திருந்தது.

2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அளித்த கல்விக் கடன் வாக்குறுதி முப்பது வயதுக்குட்பட்டோரைக் குறித்தது. வயது வருவாய்க்கு ஈடான அளவுகோலன்று. பெற்றோரின் பழைய வருவாய்ச் சான்றும் போதாது. கடன் வாங்கிய நாளில் ஏழையாயிருந்தவர் இன்று நல்ல ஊதியம் பெறலாம், நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர் வேலையின்றி நிற்கலாம். கடனாளியின் இன்றைய ஊதியமே ஒப்பீட்டளவில் நேர்மையான அளவுகோல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1989 முதல் ஆஸ்திரேலியா தவணையை ஊதியத்தோடு பிணைத்திருப்பது இந்த அடிப்படையில்தான். முறைசாராத் தொழில்கள் மிகுந்த நாட்டில் ஊதியத்தைக் கணிப்பது கடினம் என்னும் மறுப்பு வலுவானது. எனினும் வரி செலுத்துவோரை இனங்காண 1938இலேயே இயன்றது.

பெயரில்லாக் கல்விக் கடன்

சிந்தாதிரிப்பேட்டை போன்ற உழைக்கும் மக்கள் பகுதியில், சந்தையில் அன்றாடம் மீன் விற்று வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப்பார்க்கலாம். வருவாய்ச் சான்று, வங்கி வரவு செலவு, கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றுக்கிடையே அவர்களுக்கு விரைவாகக் கிடைப்பது நகையின்மீதான கடனே. சீட்டு எடுப்பதும் மகளிர் குழுவில் கடன் பெறுவதும் கந்துவட்டிக்கு வாங்குவதும் உண்டு. வங்கிக் கல்விக் கடனைப் பெற்றபின், வழக்குக்கு அஞ்சி நகையை அடகு வைத்து அதனை அடைத்துவிடுபவரும் உளர். இவர்களது கல்விக்கான கடன் அப்படியே இருக்கிறது. அதன் பெயர் மட்டும் மாறிவிட்டது. வங்கிப் பதிவேட்டில் நிலுவையைக் காட்டும் தள்ளுபடிப் பட்டியலில் இவர்கள் இடம்பெற மாட்டார்கள்.

2021இல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்குட்பட்ட பொது நகைக்கடன்களை நீக்கியபோது, அரசு ஊழியர் உள்ளிட்ட சில பிரிவினரை விலக்கியது. கடன் எதற்காக வாங்கப்பட்டது என்பது தகுதி விதியாக வைக்கப்படவில்லை. கல்லூரிக் கட்டணத்திற்காக அடகு வைக்கப்பட்ட வளையலும் சங்கிலியும் மீண்டு வந்திருந்தால், அவை கல்விக் கடன் தள்ளுபடி என்னும் பேச்சே இல்லாமல் எடையின் அடிப்படையில் மீண்டவை. அதே தேவைக்காகத் தனியார் அடகுக் கடைக்குச் சென்ற நகைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.