லின்யாந்தியில் நின்ற வண்டி

டேவிட் லிவிங்ஸ்டனை ஆபிரிக்காவின் வழிகண்ட வீரராகவே பலரும் அறிவர். மகொலோலோ மக்களுக்கோ அவர், திரும்பி வருவேனென்று சொல்லிச் சென்ற நண்பர்.

1856ஆம் ஆண்டு தாயகம் செல்லுமுன், சாம்பேசி நதியோரமாகத் தம்முடன் நடந்துவந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் போர்த்துக்கேயரின் டெட்டே நகரில் விட்டு, மரணமொன்றே தம்மைத் தடுக்குமென வாக்களித்தார். 1858இல் அவர் மீண்டபோது அவர்கள் நீரோரத்துக்கு ஓடிவந்தனர். தழுவ விரைந்தோரை, புத்தாடை அழுக்காகுமென்று சிலர் தடுத்தனராம்! எனினும் முப்பது பேரளவில் பெரியம்மைக்கு இரையாகியிருந்தனர்.

அப்பொழுது லிவிங்ஸ்டன் மிசனரியல்லர், அரசின் கொன்சல். ஆயினும் 1860இல், வர விரும்பியோரை அழைத்துக்கொண்டு அவர்களுடைய ஊருக்கு நடந்தார். பலர் டெட்டேயில் இல்லறம் அமைத்துத் தங்கிவிட்டனர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. செஷேக்கே என்னுமூரில் தலைவர் செக்கெலெற்று கொடிய தோல்நோயால் மக்கள் கண்ணில் படாது ஒதுங்கியிருந்தார். லின்யாந்தியிலோ, 1853இல் விட்டுச்சென்ற வண்டி, பொருள்களும் மருந்துகளும் சிதையாமல் அப்படியே நின்றது.

அதே ஊருக்கு, சில மாதங்களுக்கு முன், இலண்டன் மிசன் சங்கத்தைச் சேர்ந்த ஹெல்மோர் குழுவினர் வந்திருந்தனர். ஹெல்மோரும் மனைவியும் இரு பிள்ளைகளும் காய்ச்சலால் மாண்டனர். அக்காய்ச்சலுக்குரிய மருந்து கூப்பிடு தூரத்தில், அந்த வண்டியிலேயே இருந்தது. அஃது அவர்களுக்குத் தெரியாது.

1863இல் செக்கெலெற்று இறந்தார். மறு ஆண்டே லோசி மக்கள் மகொலோலோ ஆட்சியை வீழ்த்தினர். லிவிங்ஸ்டன் அவ்வூருக்கு மீண்டும் சென்றதில்லை.