கூஸ்கோவின் திருவுடல் பெருவிழா

பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைத்தொடரில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் அமைந்த கூஸ்கோ, இன்காப் பேரரசின் தலைநகராக விளங்கியது. 1533-இல் ஸ்பானியர் அதனைக் கைக்கொண்டனர். உயிர்ப்பு ஞாயிற்றிலிருந்து 60-ஆம் நாளாகிய வியாழனன்று அங்குக் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா கொண்டாடப்பெறுகிறது. பங்குகளிலிருந்து 15 சுரூபங்கள் தோள்களில் சுமக்கப்பெற்றுப் பேராலயம் சேர்கின்றன. கினிப்பன்றி இறைச்சி, கோழி, சோளம், கடற்பாசி முதலியன சேர்ந்த 'சிரியூச்சு' என்னும் ஆறிய உணவு விழாவின் விருந்தாகும்.

வென்றவர் தம் சமய வெற்றியைப் பறைசாற்ற ஏற்படுத்திய இவ்விழா, தோற்ற குலத்தார்க்குத் தம் முன்னோர் மாண்பை ஊரறியக் காட்டும் அரிய வாய்ப்பாகவும் அமைந்தது. 1555-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்குச் சான்று. அதனை எழுதிவைத்தவர் இன்கா கார்சிலாசோ தெ லா வேகா. ஸ்பானியத் தளபதிக்கும் இன்கா அரசகுல மங்கைக்கும் 1539-இல் பிறந்தவர். அப்பொழுது வயது 16. தந்தையே நகரின் ஆட்சியாளர்.

இன்காக்களுக்கு ஒருகாலத்தில் அடங்கியிருந்து, பின்னர் ஸ்பானியர் பக்கம் சேர்ந்தவர்கள் கன்யாரி இனத்தார். அவர்தம் தலைவன் பிரான்சிஸ்கோ சில்ச்சே, 1536-ஆம் ஆண்டு முற்றுகையின்போது இன்கா வீரன் ஒருவனைத் தனிப்போரில் கொன்றவன். பவனியில் பேராலயத்தின் முன் வந்தவன் திடீரெனப் போர்வையை வீசியெறிந்து, வெட்டுண்ட தலையொன்றின் உருவத்தைத் தலைமயிர் பற்றித் தூக்கிக் காட்டினான். இன்காக்கள் சிலர் பாய்ந்து அவனைத் தரையில் வீழ்த்தினர்.

வழக்கு நீதியதிகாரியிடம் சென்றது. அந்த வெற்றி சில்ச்சேயின் ஆற்றலால் அன்று, கிறிஸ்தவர்க்குத் துணைநின்ற இறைவனின் அருளால் விளைந்தது என்று இன்காக்கள் வாதிட்டனர். வென்றவரின் கடவுளையே தம் மானத்திற்குக் காவலாக்கிய அச்சொல்வன்மை வியத்தற்குரியது! தலை பறிக்கப்பட்டது, அத்தகைய செயல் இனி நிகழலாகாது என்றும் ஆணை பிறந்தது.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாந்தா அனா ஆலயத்திற்கெனத் தீட்டப்பெற்ற ஓவியங்களில் இன்காத் தலைவர்கள் செந்நிற முடிக்குஞ்சம் அணிந்து பவனியில் செல்கின்றனர். பேரரசின் காலத்தில் மன்னன் ஒருவனுக்கே உரியதாயிருந்த சின்னம் பலர் தலையில் ஏறியமை ஈண்டு நோக்கத்தக்கது. ஆட்சி போனபின் அடையாளம் பெருகியது போலும்.

1780-இல் இரண்டாம் தூப்பாக் அமாரு கிளர்ந்தெழுந்தார். 1781 மே 18 அன்று, பவனி செல்லும் அதே சதுக்கத்தில் அவர் கொல்லப்பட்டார். இன்கா உடைகளும் தடைசெய்யப்பட்டன. 1609-இல் லிஸ்பனில் அச்சேறிய கார்சிலாசோவின் நூற்படிகளைக் கைப்பற்றுமாறு 1782-இல் அரசாணை பிறந்தது. குஞ்சத்திற்கு நேர்ந்ததே நூலுக்கும் நேர்ந்தது.

எஞ்சிய 16 ஓவியங்களுள் 12 கூஸ்கோப் பேராயர் அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தன. நான்கு சிலி நாட்டுச் சாந்தியாகோவுக்குச் சென்றன.