மட்டை பிடித்த கையும் மாளிகைக் கதவும்

கோல்ப் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட இருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு அஃது அயலான ஆட்டம். ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே அதற்கு வேண்டிய பரந்த புல்வெளிக்கு இடமேது? எனினும் நான் சொல்லப்போகும் வரலாற்றின் ஒரு முனை நம் கடற்கரையிலேயே தொடங்குகிறது.

1860ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அக்காலத்தில் இங்குத் துறைமுகம் கட்டப்பட்டிருக்கவில்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆட்களைக் கொண்டு சேர்க்கும். அன்று புறப்பட்டவர் 342 பேர். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைக்கச் சென்ற அவர்கள், நவம்பர் 16ஆம் நாள் டர்பன் நகரை அடைந்தனர். 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் இவ்வாறு சென்றவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அத்தகைய கூலி மக்களின் வழிவந்தவரே செவ்சங்கர் செவ்கோலம். ‘பாப்வா’ என்றே உலகம் அவரை அறியும்.

அவர் பள்ளியில் பயிலவில்லை. டர்பன் நகரின் பீச்வுட் கழகத்தில், ஆடவரும் வெள்ளையரின் மட்டைப் பையைச் சுமப்பது அவர் தொழில். பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றார். வலக்கைக்காரர் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலும் வலக்கை கீழுமாக இருத்தல் முறை. பாப்வாவோ இதைத் தலைகீழாகப் பிடித்தார். எந்த ஆசிரியரும் முதல் நாளே திருத்தியிருப்பார். திருத்துவதற்கு ஆசிரியர் இல்லை. அந்தப் பிடியைக் கொண்டே அவர் 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓபன் பட்டத்தை வென்றார்.

இனி மற்றவரைக் காண்போம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1904இல் பிறந்தவர் ஹார்வி பெனிக். அவரும் எட்டு வயதில் மட்டைப் பை சுமந்தவர்தாம். ஆனால் 1923இல் அதே கழகம் அவரைத் தன் தலைமைத் தொழில்முறை ஆட்டக்காரராக அமர்த்திக் கொண்டது. அப்பதவியின் முதற்கடமை உறுப்பினர்களுக்கு ஆட்டம் கற்பிப்பது. சாம் ஸ்னீட் என்னும் இளைஞர் பந்தடிப்பதைக் கண்டதும், தம் இடம் போட்டிக்களமன்று, பயிற்சித் திடலே என்று பெனிக் தெளிந்தார். 1931 முதல் 1963 வரை டெக்ஸாஸ் பல்கலைக்கழக மாணவர்க்கும் பயிற்சி அளித்தார். பல்லாண்டுகளாக எழுதிவைத்த குறிப்புகள் 1992இல் நூலாயின. 1995 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, சவப்பெட்டியைச் சுமந்தவருள் ஒருவர் அவர் மாணவர் பென் கிரென்ஷா. அதே வாரத்தில் கிரென்ஷா மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார்.

பாப்வாவுக்கு அவ்வாழ்வு கிட்டியதா? 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓபன் போட்டியில் அவர் வென்றார். வெள்ளையர் கழக மாளிகைக்குள் இந்தியர் நுழையலாகாது. ஆகவே வெற்றிக் கோப்பை, வெளியே கொட்டும் மழையில் அவர் கையில் கொடுக்கப்பட்டது. அக்காட்சியின் படம் உலகெங்கும் பரவியது. 1965இல் கேரி பிளேயர் உட்பட அனைவரையும் வென்று மீண்டும் அப்பட்டத்தைப் பெற்றார். 1966இல் இனவெறி அரசு, வெள்ளையர் ஆடும் போட்டிகளில் அவர் ஆடுவதைத் தடுத்தது. ஆடவும் இடமில்லை, கழகத்தில் ஆசிரியராய் அமரவும் வழியில்லை. 1978இல் வறுமையில் காலமானார். பின்னாளில் டர்பன் நகரின் கோல்ப் மைதானம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இருவரும் ஒரே படியிலிருந்து ஏறத் தொடங்கியவர்கள். பெனிக்கின் திறமை அவர் மாணவர்களிடம் தங்கியது. பாப்வாவின் திறமையோ பெரும்பாலும் அவர் கைகளோடு போயிற்று. ஒரு மனிதனை ஆடவிடாமல் தடுத்தால் அவனுக்கு மட்டுமே இழப்பு என்று நாம் எண்ணுகிறோம். அவனிடம் கற்றிருக்கக்கூடிய இளைஞர் அனைவருக்கும் அஃது இழப்பாகும் என்பதே நான் இவ்வரலாற்றில் காணும் உண்மை. நம் தெருக்களில் குத்துச்சண்டையும் காற்பந்தும் கேரமும் கற்றுத்தரும் முதிய ஆட்டக்காரர்கள் பலர் உளர். அவர்களுக்கு ஓர் இடமும் கேட்கச் சில மாணவரும் இருத்தல் வேண்டும். அதைச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.