கூழ்ப்பானை போய் டீ கிளாஸ் வந்த கதை



ஓய்வு பெற்ற பிறகு பாடம் நடத்த எனக்கு மிச்சமிருக்கும் வகுப்பறை இந்தப் பக்கம்தான். இன்று வரலாற்றுப் பாடம். நம் வீட்டுப் பெண்கள் அன்று என்ன குடித்தார்கள், இன்று என்ன குடிக்கிறார்கள் என்பது பற்றி. கடைசி வரை படியுங்கள், உங்கள் அம்மாவின் இடுப்பெலும்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம் என் பாட்டி காலத்தில் காலை ஆகாரம் என்றால் கேழ்வரகுக் கூழ், இல்லாவிட்டால் நீராகாரம். வெயில் ஏறினால் மோர். ஆந்திர எல்லையோரத்தில் கூழை அம்பலி என்பார்கள். ஆடி மாதம் பெரியபாளையத்து பவானி அம்மனுக்கு நாம் கூழ் வார்க்கிறோமே, அது ஒரு காலத்தில் அன்றாடச் சாப்பாடு.

முதலில் வந்தது காப்பி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பட்டணத்து நடுத்தரக் குடும்பங்களில் நுழைந்து, நீராகாரத்தின் இடத்தைப் பிடித்தது. பெண்கள் காப்பிக்கு அடிமையாகிறார்கள் என்று அன்றைய பத்திரிகைகளில் புலம்பல்கூட உண்டு. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே பெயர் வைத்திருக்கிறார்.

டீ பின்னால் வந்தது, தானாகவும் வரவில்லை. 1903-ல் ஏற்றுமதித் தேயிலைக்கு வெள்ளைக்கார அரசு ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் தேயிலைக்கு விளம்பரம் செய்ய ஏற்பாடு செய்தது. 1929-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை தேங்கியது. வெளிநாட்டில் விற்காததை நம்மிடம் விற்க 1930களில் பிரசாரம் சூடுபிடித்தது. ஊர் ஊராக இலவச டீ கொடுத்தார்கள், டீ போடும் முறையை எனாமல் பலகையில் எழுதி ரயில் நிலையங்களில் மாட்டினார்கள். ஆலைகளிலும் டீ நுழைந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்கச் சொல்லலாம் என்றானது. பிற்பாடு நம் ஊருக்கு சிப்காட் வந்தபோது, ஷிப்டோடு டீயும் சேர்ந்தே வந்தது.

அதே காலத்தில் பாலும் வீட்டை விட்டுப் போனது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம், 1981-ல் ஆவின் இணையம். காலையும் மாலையும் பாலுக்கு விலை கிடைத்தது, பெண்கள் கையில் காசு புரண்டது. அதில் பல பிள்ளைகள் படித்தார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பால் சங்கத்துக்குப் போனதால் வீட்டில் தயிரும் மோரும் சுருங்கின. மாடு கறந்த அம்மாவுக்கு மிஞ்சியது டீயில் ஊற்றும் கொஞ்சம் பால்தான்.

இப்போது கணக்கு. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, அரிசியில் 10 அளவுதான். ஒரு டீயில் 30 மில்லி பால் என்றால் ஏறக்குறைய 35 மில்லிகிராம். மூன்று டீ குடித்தாலும் 105. மீதி எங்கிருந்து வரும்?

டீயையும் காப்பியையும் நான் திட்டவில்லை. அமெரிக்காவில் 1986-ல் தொடங்கி, 65 வயது தாண்டிய 9,704 பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அந்தத் தரவை ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்ததில், டீ குடித்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி சற்றுக் கூடுதலாகவே இருந்தது. காப்பி இரண்டு மூன்று கோப்பைக்குக் கெடுதல் தெரியவில்லை. ஐந்துக்கு மேல் போனவர்களிடம் அடர்த்தி குறைவு. காப்பி சிறுநீரில் வெளியேற்றும் கால்சியத்தை ஒன்றிரண்டு கரண்டி பால் ஈடுகட்டிவிடும். ஆக, எலும்புக்கு நஷ்டம் டீயால் அல்ல, டீ பிடித்துக்கொண்ட கூழின் இடத்தாலும் மோரின் இடத்தாலும்.

இன்னொரு நஷ்டம் சர்க்கரை. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு ஐந்து கிளாஸ் என்றால் 50 கிராம், 200 கலோரி. 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை கூடினால் முழங்கால் வலிக்கும், வலித்தால் நடை குறையும், நடை குறைந்தால் எலும்பு இன்னும் மெலியும். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

"அந்தக் காலத்துப் பெண்கள் இரும்பு மாதிரி இருந்தார்கள்" என்று யாராவது ஆரம்பித்தால் நம்பிவிடாதீர்கள். 1951-ல் இந்தியரின் சராசரி ஆயுளே 32 வயதை ஒட்டித்தான். எலும்பு தேயும் வயது வரை வாழ்ந்த பெண்கள் குறைவு. இன்று நம் அம்மாக்கள் எண்பதைத் தொடுகிறார்கள். அதனால்தான் கழிவறையில் வழுக்கி விழுவதும் இடுப்பு முறிவும் இன்று நம் வீட்டுக் கவலையாகிவிட்டன.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா காலையிலிருந்து இரவு வரை என்னென்ன குடிக்கிறார், எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலை டீ இருக்கட்டும். பதினொரு மணி டீக்குப் பதில் கூழோ மோரோ கொடுத்துப் பாருங்கள். கூழை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்தால் சத்து நன்றாகச் சேரும். கொஞ்சம் வெயிலும் நடையும் கட்டாயம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அம்மா "எனக்கு எதுக்குடா இதெல்லாம்" என்றுதான் சொல்வார். அதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்