மெக்சிகோ விட்டுக்கொடுக்காத எழுத்து

மெக்சிகோக்காரர் தன் நாட்டை 'மெஹிகோ' என்பார். தெற்கிலுள்ள மாநிலம் 'வஹாக்கா'. வெள்ளி நகைகளுக்குப் பேர்போன மலையூர் 'தாஸ்கோ'. தலைநகரின் மெட்ரோவில் ஒரு நிலையம் 'ஷோலா'. இறங்கி ஏறினால் 'டாக்ஸி'. ஐந்திலும் எழுதியிருப்பது எக்ஸ் என்ற ஒரே எழுத்துதான்.

1521இல், இன்றைய தலைநகரின் இடத்தில் இருந்த டெனோச்டிட்லான் நகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அதை ஆண்டவர்கள் மெஷிகா மக்கள். அவர்கள் பேசிய நவாட்டில் மொழியில் ஷகரம் தாராளம். அன்றைய ஸ்பானியத்திலும் எக்ஸுக்கு ஒலி 'ஷ'தான். எனவே பாதிரிமார் அந்த மொழியை எழுதிவைத்தபோது, 'ஷ' கேட்ட இடமெல்லாம் எக்ஸ் போட்டார்கள். காதில் விழுந்ததை நேர்மையாகவே எழுதினார்கள்.

ஆனால் ஸ்பானியர் நாக்கு மாறிக்கொண்டிருந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அந்த 'ஷ' மெல்லத் தொண்டைக்கு நகர்ந்து, 'ஹ'வை அழுத்திச் சொன்னாற்போல ஆகிவிட்டது. 1605இல் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் நாவல் வெளிவந்தது இந்த மாற்றத்தின் நடுவில்தான். அதில் எக்ஸ் போட்டு எழுதிய நாயகன் பெயர் இன்று ஸ்பெயினில் 'கிஹோத்தே'. பிரெஞ்சுக்காரர்களின் 'கிஷோத்'தில் பழைய ஒலி அப்படியே இருக்கிறது.

ஆங்கிலேயர் கதை வேறு. அவர்கள் அந்தப் பெயரை எழுத்தில் பார்த்து 'க்விக்ஸாட்' என்றார்கள். ஸ்பெயினின் ஹெரெஸ் ஊரின் மதுவையோ, 'ஷ' ஒலி இன்னும் மாறாத காலத்தில் காதால் கேட்டு வாங்கினார்கள். அதனால் அது 'ஷெர்ரி' ஆயிற்று. புத்தகத்தைவிட வியாபாரம் உச்சரிப்பைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தது. காடோ பழங்குடியினர் நண்பனைக் குறித்த 'டைஷா' என்ற சொல், ஸ்பானியர் எழுத்து வழியே ஆங்கிலேயர் வாயில் 'டெக்ஸஸ்' ஆனதும் பார்த்துப் படித்ததன் விளைவே. தமிழில் நாம் எழுதும் 'மெக்சிகோ'வும் அந்த வழியில் வந்ததுதான்.

1815இல் மாட்ரிட்டின் அரச மொழிக் கழகம் ஒரு முடிவெடுத்தது: 'ஹ' ஒலிக்கு இனி ஜே எழுத்து, எக்ஸ் 'க்ஸ்' ஒலிக்கு மட்டும். ஸ்பெயினுக்கு அது நியாயமான சீர்திருத்தம். அப்போது மெக்சிகோவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. 1821இல் விடுதலை பெற்று, 1824இல் அரசமைப்பு வகுத்தபோது, நாட்டின் பெயரை எக்ஸோடுதான் எழுதினார்கள். அவர்களுக்கு அது மெஷிகா மக்களின் எழுத்து. அதை அழிக்கும் உரிமை மாட்ரிட்டுக்கு இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஸ்பெயினில் பலர் அந்தப் பெயரை நெடுங்காலம் ஜே போட்டே எழுதிவந்தார்கள். 2005இல் ஸ்பானிய மொழிக் கழகங்கள் கூட்டாக வெளியிட்ட ஐய அகராதி, எக்ஸையே பரிந்துரைத்தது. ஆனால் 'மெஹிகோ' என்று படிப்பதுதான் சரி, 'மெக்சிகோ' தவறு என்றும் சேர்த்துச் சொன்னது.