மருமகள் சுமந்த பாரம்

ஜப்பானில் முதியோரைப் பேணுவது குடும்பத்தின் தொன்மையான மரபு, அரசு தலையிட்டதால்தான் அது குலைந்தது என்று வாதிடுவோர் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1947இல் அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 50 வயதுதான். படுத்த படுக்கையாக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் குறைவு. நீண்ட பராமரிப்பு என்ற பாரம் ஆயுள் கூடியபின் வந்தது. வந்தபோது பெரும்பாலும் மூத்த மகனின் மனைவி தலையில்தான் விழுந்தது. நினைவிழந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளைப் பற்றி சவாகோ அரியோஷி 1972இல் எழுதிய நாவல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது என்றால், எத்தனை வீடுகள் அதில் தங்களைக் கண்டிருக்க வேண்டும்! மறு ஆண்டு 70 வயது கடந்தோருக்கு மருத்துவம் இலவசமாயிற்று. வீட்டில் பார்க்க ஆளில்லாத முதியவர்கள் மருத்துவமனைகளிலேயே மாதக்கணக்கில் தங்கினார்கள்.

இந்த அனுபவத்திலிருந்துதான் 2000 ஏப்ரலில் பராமரிப்புக் காப்பீடு பிறந்தது. 40 வயது முதல் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். செலவில் ஏறக்குறைய பாதி வரிப்பணம். ஜெர்மனியைப் போலக் குடும்பத்தாருக்கு ரொக்கம் தரும் யோசனையைப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. அது மருமகளை மறுபடி வீட்டோடு கட்டிப்போடும் என்றன. அவர்கள் சொன்னது சரி. செலவு ஏறுகிறது, பணியாளர்கள் போதவில்லை என்ற குறைகள் உண்மைதான். ஆனால் அந்தச் செலவு முன்பும் இருந்தது. பெண்கள் அதைக் கூலியின்றிச் செலுத்திவந்தார்கள்.